தோற்கத் தெரிந்த மந்திரி

ஒரு காலத்தில் கொன்றைநாடு என்றொரு நாடு. அதை ஆண்ட வேகவர்ம ராஜா, பொறுமை என்றால் வீசை என்ன விலை என்று கேட்பார். சதுரங்கத்திலும் அதே கதைதான். ஆட்டம் தொடங்கியதுமே ஒரு குதிரையை எதிரிப் படைக்குள் பாய்ச்சிப் பலி கொடுப்பார். பின்னாலேயே யானையும் மந்திரியும் முட்டிக்கொண்டு போகும். ஜெயித்துவிட்டால் ஒரே குஷி! தோற்றவர் கேட்டதைக் கொடுத்துவிடுவார்.

அதனால் மந்திரி நாகலிங்கர் வருஷக்கணக்காகத் தோற்றார். தோற்றுத் தோற்றே ஊர்களுக்குக் குளம் வெட்டினார். இன்று தோற்றால் குயவன் சடையனுக்கு விடுதலை. ராஜா குதிரையிலிருந்து விழுந்தபோது சிரித்துத் தொலைத்த பாவம், அவன் சிறையில் கிடந்தான்.

காய்களை அடுக்கும்போது அரண்மனை அதிகாரி வல்லபர் எழுந்தார். மந்திரி மேல் அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, மந்திரி வேண்டுமென்றே தோற்கிறார். பார்த்தாலே எனக்குத் தெரிகிறது."

ராஜா முகம் சிவந்து மந்திரியிடம் திரும்பினார். "அப்படியா? இன்று தோற்றால் நீரும் சடையனோடு கம்பி எண்ணும்!"

ஜெயித்தால் சடையனுக்கு வழியில்லை. தோற்றால் இருவருக்குமே இல்லை. நாகலிங்கர் கும்பிட்டார்.

"பொய்யாட்டம் கண்டுபிடிப்பவருக்கு மெய்யாட்டம் தெரியாமலா இருக்கும்? வல்லபரே என் இடத்தில் ஆடட்டும், மகாராஜா. நிபந்தனையும் அதுவே."

வல்லபர் பலகை முன் உட்கார்ந்தார். ஜெயிக்கவும் பயம், தோற்கவும் பயம். ராஜாவின் குதிரை பாய்ந்ததும் பழக்கதோஷம் முந்திக்கொண்டது. "ஆகா, என்ன பாய்ச்சல்!" என்று தன் மந்திரிக் காயை ராஜாவின் யானைக்கு நேராக நகர்த்தி வைத்தார்.

சபை சிரிப்பை அடக்கியது. ராஜா சிரிக்கவில்லை.

"என்னோடு நிஜமாக ஆடியவர் இங்கே யாராவது உண்டா?"

ராஜா காவலர் பக்கம் திரும்பினார்.

"சடையனை விடுங்கள். என் முன்னால் நடிக்காதவன் அவன் ஒருவன்தான். அவன் கிடந்த சிறைக்கு வல்லபர் போகட்டும். நாகலிங்கரே, உட்காரும். நிஜமாக ஆடும்."

மந்திரி ஆடினார். பாய்ந்த குதிரையை வெட்டினார். சற்று நேரத்தில் ராஜாவின் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டது. ராஜா பலகையிலிருந்து தலை நிமிர்ந்தார்.

"இத்தனை வருஷமும் இப்படித் தோற்கடித்திருந்தால், இந்நேரம் எனக்கு ஆட வந்திருக்குமே, ஐயா!"

நல்லதென்று நினைத்துச் செய்த துரோகம் மந்திரியின் நெஞ்சை அறுத்தது. ராஜாவுக்குத் தலை நரைத்துவிட்டதை அவர் அன்றுதான் பார்த்தார்.