பித்தளை யானைக்குப் பதினேழு பேர்

மாடலூர் மகாராஜா அதிவீரகேசரிக்கு ஒரு பழக்கம். எதற்குப் பயந்தாலும் உடனே சட்டம் போட்டுவிடுவார். ஊரார் நகைநட்டைக் கொடுத்துவைக்கும் அரண்மனைக் கருவூலத்தில் ஒருநாள் எலி ஓடியது. திருடனென்று பதறியவர், அங்கிருந்து எதை எடுத்தாலும் ஏழு முத்திரை வேண்டும் என்றார். முத்திரை குத்த ஏழு அதிகாரிகள் வந்தார்கள்.

பிறகு ஒரு கப்பல் வியாபாரி பித்தளை யானை ஒன்றைக் கொண்டுவந்தான். வாலைத் திருகினால் போதும், தும்பிக்கை ஏழு முத்திரையையும் கண்ணிமைக்கும் நேரத்தில் குத்திவிடும். மகாராஜா பூரித்துப்போய் வாங்கினார். வாங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. யானை தப்பாகக் குத்திவிட்டால்? ஒவ்வொரு முத்திரையையும் ஓர் அதிகாரி இமைக்காமல் பார்க்க வேண்டும், அவரை இன்னோர் அதிகாரி பார்க்க வேண்டும் என்று அடுத்த சட்டம் வந்தது. யானைக்கு எண்ணெய் போட மூன்று பேர் தனி.

செலவு மும்மடங்கானது. மகாராஜா கருவூலத் தலைவர் செவ்வந்தியப்பரைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள் செலவு பாதியாக வேண்டும்."

"ஆகட்டும் பிரபு. சட்டத்தைக் கொஞ்சம்..."

"தொடாதீர். நான் போட்டது."

"அப்படியானால் யானையை..."

"நான் வாங்கியது!"

"ஆட்களையாவது..."

"எல்லாரும் மகாராணியின் பிறந்தவீட்டு ஆட்கள். மூச்சு விடாதீர். முடியாவிட்டால் உம்முடைய வீட்டை விற்று ஈடுகட்டுவேன்."

செவ்வந்தியப்பர் தன் வீட்டை நினைத்துக்கொண்டார். பாவம், மாடி கட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அண்டை நாட்டுத் தூதர் வரும் நேரம். கிரீடமோ கருவூலத்தில்.

"கிரீடம் எங்கே?" என்று செவ்வந்தியப்பரைக் கேட்டார் மகாராஜா.

"விடியற்காலையே கேட்டாயிற்று பிரபு. மூன்றாம் முத்திரையைப் பார்த்தவர் தும்மிவிட்டார். கண் மூடியதால் சட்டப்படி முதலிலிருந்து குத்தினார்கள்."

"அப்புறம்?"

"தும்மினவரைப் பார்த்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து."

வாசலில் பல்லக்கு இறங்கிய சத்தம் கேட்டது. மகாராஜா தன் வழுக்கையைத் தடவிப் பார்த்தார்.

"ஐயோ, மானம் போகிறதே!"

செவ்வந்தியப்பர் துணிப்பைக்குள் கைவிட்டுக் கிரீடத்தை எடுத்து நீட்டினார்.

"இது எப்படி ஐயா வந்தது?"

"பதினான்கு பேரில் ஏழு பேர் யானையையும் ஏழு பேர் அவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்க்காரர்கள் அவர்களை வேடிக்கை பார்த்தார்கள். நான் பின்கதவால் போய் எடுத்துவந்தேன். காலணா செலவில்லை."

மகாராஜா திகைத்தார். பிறகு கிரீடம் சரிந்து மூக்கில் விழும்வரை சிரித்தார்.

"நாளை முதல் யானையைப் பார்க்க ஒரே ஆள், பின்கதவுக்கு ஒரு பூட்டு. மற்றவர்கள் மகாராணிக்கு விசிறட்டும். உமக்கு நூறு பொன்! இப்போதே கருவூலத்தில் வாங்கிக்கொள்ளும்."

செவ்வந்தியப்பர் தலையைச் சொறிந்தார்.

"புதுச் சட்டம் நாளைக்குத்தானே பிரபு? இன்றைக்கு நான் யானையிடம் கேட்கட்டுமா, பின்கதவால் போகட்டுமா?"