மூன்றாவது வரியில் ஒரு மூச்சு

யூனிஸ் டீச்சர்தான் அந்த ஊர்ப் பாடகர் குழுவை நடத்துகிறவர். அவரிடம் பாட்டு கற்க வந்தவர் இன்பராஜ். சேலத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், டீச்சரைவிடப் பத்து வயது மூத்தவர். குரல் நல்ல குரல். அது அவருக்கும் தெரியும். அதுதான் கொஞ்சம் கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனை. பக்கத்து ஊர்ப் பாடகர் குழுக்களும் வரும். அதில் ஒரு பாட்டை இன்பராஜ் நடத்தட்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். முதல் தடவையாக அவர் குழுவுக்கு முன்னால் நிற்கப்போகிறார்.

"உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கேரல் எது டீச்சர்? அதையே பாடிடுவோம்."

"மாட்டுக்கொட்டில் பாட்டு."

இன்பராஜின் முகம் சுருங்கியது.

"நல்ல பாட்டுதான். ஆனா இந்த ஊர்ல அதைத் தப்பாப் பாடுறீங்க."

"எங்க?"

"மூணாவது வரியில. பாதியில நிறுத்தி மூச்சு விடுறீங்க. மொத்த ஊரும்! குழந்தைங்ககூட! வெளியூர்க்காரங்க முன்னால என் மானம் போயிடும்."

"அப்போ திருத்துங்க அண்ணாச்சி. நாளைக்கு வீடு வீடாப் பாடப் போறோம்லா, நீங்களே முன்னால நில்லுங்க."

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கிளம்பினார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட எபனேசருக்குத் தாடி நிற்கவே இல்லை.

"மூணாவது வரியில நிறுத்தக் கூடாது, என்ன?" என்றார் இன்பராஜ்.

"சரி அண்ணாச்சி" என்றார்கள். முதல் வீட்டில் நிறுத்தினார்கள். அடுத்த வீட்டிலும் நிறுத்தினார்கள்.

"வாய் தானா நிக்குது அண்ணாச்சி" என்றான் எபனேசர், தாடியைப் பிடித்துக்கொண்டு.

"உன் தாடி மட்டும் நிக்காது" என்றார் இன்பராஜ். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அப்புறம் சுவிசேஷமுத்து வீடு. சுண்ணாம்பு சுடுகிற காளவாசலில் வேலை பார்த்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். கட்டிலில் தலையணை வைத்துச் சாய்த்திருந்தார்கள்.

"அப்பா மத்தியானமே புதுச்சட்டை போட்டாச்சு. கதவைச் சாத்தவே விடல" என்றாள் மகள்.

"எந்தப் பாட்டு மாமா?" என்று டீச்சர் கேட்டார்.

அவர் சிரித்தார், அவ்வளவுதான். எல்லோரும் மாட்டுக்கொட்டில் பாட்டைத் தொடங்கினார்கள்.

மூன்றாவது வரி வந்தது. அத்தனை பேரும் நிறுத்தினார்கள். இன்பராஜ் மட்டும் நிறுத்தவில்லை. அவர் குரல் தனியாகக் கொஞ்ச தூரம் போய்ப் பயந்து நின்றது.

கட்டிலில் இருந்தவர் மூச்சை இழுத்தார். நீளமாக, விசிலடிக்கிற மாதிரி. பாதி வழியில் சிக்கியது. மறுபடி இழுத்தார். யாரும் அவசரப்படவில்லை. அவர் உதடு அசைந்ததும் எல்லோரும் சேர்ந்து மீதி வரியைப் பாடினார்கள்.

தெருவுக்கு வந்த பிறகு இன்பராஜ் டீச்சரிடம் கேட்டார்.

"இந்தப் பாட்டை அவர்தான் சொல்லிக்கொடுத்தாரா?"

"இந்த ஊர்ல பிறந்த எல்லாருக்கும். நான் ஒண்ணாங்கிளாஸ் படிக்கும்போது அவர்கிட்டதான் படிச்சேன். வேலை முடிஞ்சு வருவாரு, குளிக்காமகூட எங்களை உக்கார வச்சுப் பாடுவாரு."

"அப்பவே மூச்சு இப்படியா?"

"அப்பவே."



"ஞாயித்துக்கிழமை நிறுத்தினா சிரிப்பாங்க டீச்சர்."

"சிரிப்பாங்க."

"நமக்குத்தான் மூச்சு நல்லா இருக்கே. ஒரே மூச்சுல பாடிடலாமே?"

"அவர்கிட்ட இருந்ததே கொஞ்ச மூச்சு அண்ணாச்சி. அதைத்தான் எங்களுக்குக் குடுத்தாரு."