பின்னால் நிற்பவன்

"இன்னும் ரெண்டு வருஷம் என்னை வேலையில வச்சுக்கச் சொல்லி முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா அவர் தட்ட மாட்டார்."

மாசிலாமணி நூல் மில்லில் மேஸ்திரி. இந்த மாசக் கடைசியோடு வேலை முடிகிறது. அதுக்காகத்தான் பௌர்ணமி அன்னதானத்துக்கு மலையடி மடத்துக்கு வந்து, மடத்தை நடத்தும் அம்மா முன்னால் கைகட்டி நின்றார்.

அம்மாவுக்கு அவர் மகள் வயசுதான் இருக்கும். ஊரே அம்மா என்றுதான் கூப்பிடும்.

அம்மா இலை துடைத்துக்கொண்டே கேட்டார். "வீட்டுல கஷ்டமாய்யா?"

"சோத்துக்குக் குறையில்லம்மா. மில்லு கெட்டுப்போயிருமேன்னுதான். என் இடத்துக்குக் கவின்னு ஒரு பயலைப் போடப் போறாங்க. மெஷின் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கன்னு நான் சொல்லிருவேன். அவன் போனைப் பார்த்துச் சொல்றான்."

"தப்பாச் சொல்றானா?"

"சரியாத்தான் சொல்றான். அதுதான் வயித்தெரிச்சல்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தப் பிள்ளை எங்க இருக்கு?"

"வாசல்ல நிக்கிறான். பஸ்ஸு வரல. அவன் வண்டியிலதான் வந்தேன்."

"ரெண்டு பேரும் சாப்பிடுங்க. அப்புறம் பேசுவோம்."

முதல் பந்தியில் மாசிலாமணிக்கு இடம் கிடைத்தது. கவினுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க நிற்கிறவர்களைப் போல அவனும் ஒரு நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாசிலாமணியின் நாற்காலி.

மோர்ச்சோற்றில் கை வைக்கும்போது அவன் மூச்சு அவர் பிடரியில் பட்டது.

"என்னடா, கழுத்துல ஏறி உக்காரப் போறியா?"

"நீங்க மெதுவாச் சாப்பிடுங்க சார். அவசரமே இல்ல."

சொல்லி வாய் மூடவில்லை, அவன் வயிறு உறுமியது. பக்கத்து இலைக்காரர் புரையேறச் சிரித்தார்.

மாசிலாமணி வேண்டுமென்றே இன்னொரு கரண்டி மோர் கேட்டார். ஊறுகாயைத் தொட்டுத் தொட்டு நக்கினார். வரிசையே எழுந்து போய்விட்டது. அவர் இலை ஒன்றுதான் பாக்கி. மேசையைத் துடைக்க வந்தவர் துணியோடு நின்றார். பின்னால் நின்றவர்கள் எல்லோர் கண்ணும் அவர் இலையிலேயே இருந்தது.

அம்மா வந்தார்.

"இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமாய்யா?"

"ஐயோ, போதும்மா. வயிறு நெறஞ்சிருச்சு."

"நெறஞ்சிருச்சா?"

அவ்வளவுதான் கேட்டார். போகாமல் அங்கேயே நின்றார்.

மாசிலாமணி இலையைப் பார்த்தார். ஒரு பருக்கை இல்லை. இலையைத் தன் பக்கமாக மடித்தார். எழுந்தார்.

கை கழுவித் திரும்பியவர் கையில் அம்மா சாம்பார் வாளியைக் கொடுத்தார். "பரிமாற ஆளு போதலய்யா."

நேரே கவின் இலைக்குத்தான் போனார். அவன் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தான்.

"எடுத்ததும் பாயசமாடா? பருப்பு, சாம்பார்னு ஒரு வரிசை இருக்குல்ல?"

"பசி சார்."

கரண்டியை முக்கி எடுத்தார். அவன் ரெண்டு கையாலும் இலையை மறைத்தான்.

"சாம்பார் வேணாம் சார். ரசம்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. முப்பது வருஷமாக மில்லில் அவரிடம் யாரும் வேணாம் என்று சொன்னதில்லை.

சாம்பாரை வாளியிலேயே ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

"இப்பச் சொல்லுங்கய்யா" என்றார் அம்மா. "முதலாளிகிட்ட நான் என்ன சொல்லணும்?"

"அது கெடக்கட்டும்மா. ரசம் எந்த வாளி?"