கொம்போ தள்ளிவிட்ட குரல்

"மெஷின் செவிடு, முவாலிமு," என்றார் கொம்போ, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

முவாலிமு என்றால் சுவாஹிலியில் ஆசிரியர். இந்த முவாலிமுவுக்குக் கொம்போவின் மகள் வயதுதான், பெயர் முவானஹேரி. போன்களுக்கு சுவாஹிலி புரிய வேண்டும் என்று மொம்பாசா முழுக்கக் குரல் தானம் வாங்கும் குழு அவளுடையது.

ஒருவர் ஒரு வாக்கியத்தை வாசிப்பார். இன்னொருவர் அதைக் கேட்டு, 'சரி' அல்லது 'தள்ளு' என்று அமுக்குவார். 'சரி' வாங்கியது மட்டும் மெஷினுக்குப் பாடமாகப் போகும்.

கேட்கும் வேலை கொம்போவுக்கு. வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர், வெண்கலக் குரல்.

கோழி கொக்கரித்தால் தள்ளினார். மீன்காரர் எச்சில் விழுங்கினால் தள்ளினார். கடற்கரையை விட்டுத் தள்ளி உள்பகுதியில் வாழ்பவர் உச்சரிப்பா, வாயைத் திறந்ததுமே தள்ளினார். குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை என்பார்கள். கொம்போ பார்த்த குற்றத்தில் பாதி மொம்பாசாகூட மிஞ்சவில்லை.

குறைந்ததை ஈடுகட்ட, வெளிச்சத்தம் புகாதபடி துணி அலமாரிக்குள் போர்வையைப் போர்த்தி உட்கார்ந்து, வியர்க்க வியர்க்கத் தானே வாசித்தார்.

எல்லாம் மனைவி மிஷிக்காகத்தான். அவளுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. சான்சிபார் தீவில் இருக்கும் மகளை யார் தயவும் இல்லாமல் அவளே கூப்பிட வேண்டும்.

அன்று காலை மிஷி போனிடம், மகளைக் கூப்பிடு என்றாள். புரியவில்லை என்றது போன். மறுபடி சொன்னாள். மறுபடியும் அதே பதில். போனை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, "எனக்குத்தான் பேசத் தெரியலை போல," என்றாள்.

அதைத்தான் கொம்போவால் தாங்க முடியவில்லை.

"நீங்க சொன்னா அதுக்குப் புரியுதா?" என்றாள் முவானஹேரி.

"நான் சொன்னா அட்சரம் பிசகாம புரியுது."

அவள் தன் கணினிப் பக்கம் திரும்பினாள். அவர் தள்ளிய பதிவுகளில் ஒன்றைத் தேடி எடுத்து, ஹெட்போனை நீட்டினாள்.

கொம்போ கேட்டார். சில நொடிதான். விரல் தானாக 'தள்ளு' பக்கம் போனது.

"என்ன ஆச்சு?"

"எவனோ ஒரு முரடன் பின்னாடி நின்னு கத்துறான். டீ எங்கே, ஒரு டீ போட இவ்வளவு நேரமான்னு."

"மீதியையும் கேளுங்க."

மீதியைக் கேட்கும் வழக்கம் கொம்போவுக்கு இல்லை. ஆனாலும் முவாலிமு சொல்லிவிட்டாள், கேட்டார்.

கத்தல் அடங்கியது. கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல், எழுத்தெழுத்தாகத் தடவித் தடவி வாசித்தது: "இன்று கடல் அமைதியாக இருக்கிறது." வாசித்து முடித்ததும் அதே குரல் அவசரமாக, "இதோ கொண்டுவரேன்," என்றது.

கொம்போ ஹெட்போனைக் கழற்றவில்லை. முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டார். கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை.

"வாசிச்சது யாருன்னு தெரியுதா, பெரியவரே?"

"தெரியுது."

"கத்தினது?"

கொம்போ தொண்டையைச் செருமினார். வெண்கலம் வரவில்லை.

'சரி'யை அமுக்கினார். பிறகு, தான் தள்ளிய மற்றதெல்லாம் அழிந்துவிட்டதா என்று கேட்டார்.

"எல்லாம் பத்திரமா இருக்கு. உக்காருங்க, நேரமாகும்." முவானஹேரி எழுந்தாள். "டீ கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா," என்றார் கொம்போ, மிக மெதுவாக.