தாழ்ப்பாள் மனு

ஒரு அரசு அலுவலகத்தில் சடையாண்டி என்றொரு கடைநிலை உதவியாளர் இருந்தான். அதிகாரியின் கழிவறைத் தாழ்ப்பாள் இறுகிக் கிடந்ததைப் பார்த்து, தானாகவே எண்ணெய் விட்டான். "உத்தரவில்லாம அரசாங்கச் சொத்தை எப்படித் தொட்டே?" என்று அதிகாரி நமச்சிவாயம் மெமோ கொடுத்தார். தாழ்ப்பாள் மறுபடி இறுகியதும், சரி என்று எண்ணெய் விட அனுமதி கேட்டு முறைப்படி மனு எழுதினான். அது அவர் மேசையிலேயே தூங்கியது.

ஒருநாள் அவரே உள்ளே மாட்டிக்கொண்டார்.

"யோவ் சடையாண்டி, கதவை உடைய்யா!"

"உடைச்சிடுறேன் ஐயா. உத்தரவு மட்டும் எழுத்துல வேணும்."

பழைய மனுவையும் பேனாவையும் கதவுக்கு அடியில் தள்ளினான். மனு திரும்பி வந்தது. முப்பது வருஷப் பழக்கத்தில் 'நேரில் பேசவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"நேர்லதான் ஐயா பேசிக்கிட்டிருக்கேன். நடுவுலதான் கதவு நிக்குது."

அலுவலகமே சிரித்தது. சடையாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். மறுபடி தள்ளியபோது 'உடைக்கவும்' என்று வந்தது. கடைசியில் ஒரே உதை; கதவு திறந்தது.

வியர்வை வழிய வந்தவர் சீறினார்: "உத்தரவு கொடுத்துக் கால் மணி நேரமாச்சு. எங்கய்யா போனே?"

சடையாண்டி தலையைச் சொறிந்தான்.

"சத்தியமா வேணும்னு செய்யல ஐயா. கை தானா பதிவேட்டுக்குப் போயிடுச்சு. வரிசை எண் போட்டு, முத்திரை குத்தி, மை காயட்டும்னு ஊதிக்கிட்டு நின்னேன்."