கூரைமேல் வடகம்

மோட்டார் சைக்கிளில் வந்தவன் வேனை ஒட்டியபடியே ஹாரன் அடித்தான். அவனுடைய ஹெல்மெட் கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. கோமதிநாயகம் ஜன்னலை இறக்கினார்.

"அண்ணாச்சி, வழியெல்லாம் வடகம் தூவிக்கிட்டே வாறீங்க. அப்படியே எண்ணெயையும் ஊத்திட்டுப் போங்க."

சொல்லிவிட்டு அவன் முந்திப் போய்விட்டான். கோமதிநாயகம் வேனை ஓரம்கட்டி இறங்கினார். வந்த வழியில் தாரின் மேல் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. வேட்டி ஒன்று கருவேலம் முள்ளில் மாட்டிக்கொண்டு ஆடியது. அதற்குள் இரண்டு ஆடுகள் சாலைக்கு வந்து நக்கத் தொடங்கியிருந்தன.

அவர் மனைவி சண்முகவடிவு இறங்கவில்லை. ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பக்கவாட்டுக் கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது.

விடியும்போதே அவள் வேனின் கூரைமேல் வேட்டியை விரித்து வடகம் பிழிந்திருந்தாள். மூலைக்கு ஒரு செங்கல் துண்டு வைத்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்துப் பம்புசெட்டுக்குக் குளிக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து, வேன் நின்ற இடத்தை ஒட்டிய கோயிலில் ஒலிபெருக்கி கட்ட ஆட்கள் வந்தார்கள். இனிச் சத்தம் தாங்காது என்று கோமதிநாயகம் கிளம்பிவிட முடிவு செய்தார். அடுப்பை அணைத்தார், படியை மடக்கினார், பாத்திர அலமாரியின் தாழ்ப்பாளைப் போட்டார், சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தார். வேனைப் பம்புசெட்டுக்கே ஓட்டிப்போய் அவளை ஏற்றிக்கொண்டார். மண் பாதையில் மேலே ஏதோ உருண்டு விழுந்தது. உள்ளே பாத்திரம் என்று நினைத்தார். வடகத்தை இறக்கி வைத்திருப்பார் என்று அவள் நினைத்தாள். அவள் கூழ் கிண்டியதை அவர் பார்த்திருந்தார். அது எங்கே போனது என்று யோசிக்கவில்லை.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் வடிவு சொன்னாள்.

"கோவில்பட்டிக்குச் சாயங்காலம் ஒரு பஸ் இருக்கு. நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"எப்ப வருவே?"

"எங்கன்னு வர? நீங்க எந்த ஊருல நிப்பீங்கன்னு உங்களுக்கே தெரியாது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அவர் ஓய்வு பெற்றதும் பாளையங்கோட்டை வீட்டை விற்றுவிட்டு, பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கிக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கட்டியது இருவருக்கும் பிடித்துத்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஜன்னல் கேட்டவளே வடிவுதான். ஆனால் எந்த ஊரும் அவருக்குச் சரிப்படவில்லை. குற்றாலத்துப் பக்கம் துணி காயவில்லை. மலையடிவாரத்தில் குரங்கு. நண்பரின் தோப்பில் நண்பர் ஓயாமல் பேசினார். ஒரு ஊரில் குறையே இல்லை. குறை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் தூக்கம் வராமல் அங்கிருந்தும் கிளம்பினார்.

சாவிக் கொத்தை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பார். வேன் சாவி, பின்கதவுச் சாவி, ஸ்டீயரிங் பூட்டு, தண்ணீர்த் தொட்டிப் பூட்டு என்று நல்ல கனம். தூங்கும்போதும் அது இடுப்பிலேயே இருக்கும்.

வண்டிக்குள் குடியிருப்பதை அவர் கற்றுக்கொண்டது அமலோற்பவத்திடம். அவரைவிட அவள் பத்துப் பதினைந்து வயது சின்னவள். முன்பு வாகனப் பயிற்சிப் பள்ளி நடத்தினாள். இப்போது பழைய டவுன் பஸ் ஒன்றில் தனியாக இருந்தாள். இப்படி வண்டிகளில் வாழ்கிறவர்கள் எல்லோரும் அவளை மாஸ்டர் என்றே அழைத்தார்கள். அந்தச் சமயம் அவளுடைய பஸ் உப்பளத்தை ஒட்டிய வெட்டவெளியில் நின்றது. கோவில்பட்டி பஸ்ஸும் அதன் பக்கத்துச் சாலை வளைவில்தான் நிற்கும். கோமதிநாயகம் அங்கே ஓட்டினார்.

அமலோற்பவம் பஸ்ஸின் நிழலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வடிவு தன் பையோடு இறங்குவதைப் பார்த்தாள். நடந்ததைக் கோமதிநாயகமே சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே தன்மேல் குற்றம் குறைந்துகொண்டு வருவதுபோல் இருந்தது.

"நீங்க சொல்லிக்குடுத்தபடி எல்லாம் பாத்துட்டுத்தான் கிளம்பினேன், மாஸ்டர். சக்கரம், படி, அடுப்பு, தாழ்ப்பாள். மேல பாக்கணும்னு நீங்க சொல்லலை."

"மேல ஏதாச்சும் வைக்கிற ஆளா இருந்தாச் சொல்லியிருப்பேன்."

"வச்சது நான்" என்றாள் வடிவு.

அமலோற்பவம் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். மாவு மிச்சம் இருக்கிறதா என்று வடிவிடம் கேட்டாள். இருந்தது. பஸ் வர இன்னும் நேரம் கிடக்கிறதே, சும்மா ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றாள். வடிவு முதலில் அசையவில்லை. பிறகு பையை வேனின் சக்கரத்தில் சாய்த்து வைத்துவிட்டு மாவு டப்பாவை எடுத்து வந்தாள். இருவரும் வெளியே கல் இல்லாத அந்தத் தரையில் குழி பறித்து அடுப்பு மூட்டினார்கள்.

கூழ் கொதித்தது. இரண்டு பெண்களும் உப்பைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் வடிவின் முகம் பழையபடி ஆகிவிட்டது.

கோமதிநாயகம் வேனைச் சுற்றி நடந்தார். டயரைத் தட்டினார். உப்புக் காற்று இரும்பை அரித்துவிடும் என்று நினைத்தார். இங்கே நிழல் இல்லை, நல்ல தண்ணீர் இல்லை. சாயங்காலம் கொசு வரலாம். லாரிகள் போகும் சாலையைப் பார்த்தார். கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

"சார்" என்று அமலோற்பவம் கூப்பிட்டாள். "மேல ஏறுங்க."

தன் வேனில் ஏணி வைத்து ஏறினார். கூரையின் பாதியில் சோலார் தகடு. மீதிப் பாதியில் பழைய சேலை ஒன்றை விரித்தார். காற்று உடனே அதைச் சுருட்டியது. மூலைக்கு வைக்க உப்பள மண்ணில் ஒரு கல்கூடக் கிடைக்காது. வடிவு கீழிருந்து தோசைக்கல்லைக் கொடுத்தாள். இடிகல்லைக் கொடுத்தாள். அமலோற்பவம் தன் பஸ்ஸின் ஜாக்கியைக் கொடுத்தாள். நாலாவது மூலைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"நீங்க உக்காருங்க" என்றாள் அமலோற்பவம்.

அவர் நாலாவது மூலையில் உட்கார்ந்தார். வடிவு ஏறிவந்து, அவரைப் பார்க்காமல், வரிசை வரிசையாகப் பிழிந்துவிட்டு இறங்கினாள். அமலோற்பவம் காக்கை விரட்ட ஒரு கம்பை மேலே நீட்டினாள்.

வெயில் மண்டையில் இறங்கியது. வடிவின் துண்டை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டார். அங்கிருந்து சாலை முழுக்கத் தெரிந்தது. ஒவ்வொரு லாரியும் தெற்கே போவதைத் தலை திருப்பிப் பார்த்தார். கால் ஆடியது. கால் ஆடினால் சேலையும் ஆடியது. நிறுத்தினார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கீழே பார்த்துக் கேட்டார்.

"மாஸ்டர், நீங்களும் ஊர் ஊராத்தான் போறீங்க?"

"போறேன்."

"போற இடத்துல உங்களுக்குக் கொசு கடிக்காதா? சத்தம் இருக்காதா?"

"கடிக்கும். இருக்கும்."

"எனக்கு மட்டும் ஏன் ஒரு இடமும் ஒட்ட மாட்டேங்குது?"

"காக்கா வருது பாருங்க சார்."

அவர் கம்பை வீசினார். காக்கை தகட்டின்மேல் போய் உட்கார்ந்து அவரைப் பார்த்தது. எழுந்து விரட்டப் போனார். மூலை எழும்பி இரண்டு வடகத்தின்மேல் மடிந்தது. திரும்ப வந்து அதைப் பிரித்துவிட்டு உட்கார்ந்தார். காக்கை தகட்டை விட்டு நகரவில்லை. உட்கார்ந்தபடியே அதை எப்படி விரட்டுவது என்று பழகிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கம்பால் ஜாக்கியைத் தட்டினால் அது பறந்தது.

"மேல இருந்து பாத்தா ராஜா மாதிரி இருக்கீங்க" என்றாள் அமலோற்பவம். "வடக ராஜா."

வடிவு பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தாளா என்று மேலிருந்து தெரியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டை மேலேயே கொடுத்தார்கள். மீன்குழம்பு. சாப்பிட்டுவிட்டுச் சேலையின் ஓரத்தில் ஒரு வடகத்தைத் தொட்டுப் பார்த்தார். மேல்பக்கம் இறுகியிருந்தது, அடியில் பிசுபிசுத்தது. வேறொன்றைத் தொட்டார். அதுவும் அப்படித்தான். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்ததில் சாலையைப் பார்க்கக் கொஞ்ச நேரம் மறந்துபோனார்.

வெயில் சாய்ந்தது. வடிவு முகம் கழுவித் தலை சீவிக்கொண்டு வந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ஏணியின் அடியில் வந்து நின்றாள்.

"நாளைக்குத் திருப்பிப் போடணும். அடிப்பக்கம் காயாட்டா பூத்துப் போகும்."

தெற்கே தூரத்தில் புழுதி தெரிந்தது. பஸ்ஸாக இருக்கலாம்.

"நாளன்னைக்கு வரைக்கும் வெயில் வேணும்" என்றாள் அவள். "அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டும் அங்கேயே நின்றாள். அமலோற்பவம் தன் பஸ்ஸின் படியில் உட்கார்ந்து ஜன்னல் திரைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். கோமதிநாயகம் அமலோற்பவத்திடம் பேசினார். குரலை அவளுக்கு மட்டும் கேட்கும்படி வைத்துக்கொள்ள முயன்றார். கூரைமேலிருந்து அது முடியவில்லை.

"இந்த ஊரு வெயில் நல்ல வெயில், மாஸ்டர். ஒரு நாள்ல இம்புட்டுக் காஞ்சிருக்கு. நாங்க போன ஊருல எல்லாம் இப்படி ஒரு வெயில் இல்லை."

அமலோற்பவம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எல்லா ஊருலயும் இதே வெயில்தான் சார். நீங்கதான் இருந்ததில்லை."

பஸ் ஹாரன் கேட்டது. வளைவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும்.

கோமதிநாயகம் எழுந்தார். மூலை படபடத்து எழும்பியது. காலால் மிதித்துக்கொண்டார். சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்துக் குனிந்து அந்த மூலையில் வைத்தார். காற்று அடித்தது. சேலை அசையவில்லை. ஏணிப்பக்கம் வந்து முதல் படியைக் காலால் தேடினார்.

வடிவு பையைக் கீழே வைத்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.