கணவாய்க் கல்லில் தித்தனின் முகம்

முழுதும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். பாதியில் எழுந்து போகிறவரோடு எனக்கு வியாபாரம் கிடையாது.

இரண்டு நிலா எழும் தேசம் அது. மலைமேல் கருங்குன்றார், கடற்கரையில் வெண்மணலார். அவர்களிடம் தேனும் மரமும், இவர்களிடம் உப்பும் மீனும். நடுவில் இருந்தது ஒரே ஒரு கணவாய். அதற்காகத் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டு செத்தார்கள். செத்தவர்களை இனம் பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் ஒரே குவியலாகப் போட்டு எரித்தார்கள்.

சமாதானம் பேச உட்கார்ந்தபோதெல்லாம் பேச்சு ஒரே இடத்தில்தான் முறிந்தது. “எங்கள் பக்கம் சாவு அதிகம். ஈடு என்ன?” என்று ஒரு தரப்பு துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடும். கடைசியில் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடிப்பதுபோல உட்கார்ந்து, பிணத்துக்குப் பிணம் பேசி முடித்தார்கள். கணவாயில் ஒற்றைக் கல் நிறுத்துவது. ஒரு பக்கம் இவர்கள் முகம், மறுபக்கம் அவர்கள் முகம், முதுகோடு முதுகாக, ஆளுக்கு ஆள் சோடி. கணக்கு சமம், யாரும் யாருக்கும் பாக்கியில்லை. வீட்டார் அடையாளம் சொல்ல, எதிராளியின் சிற்பிதான் செதுக்க வேண்டும். இரு நிலாவும் மறையும் நாளில், தன் பிள்ளைக்குப் பின்னால் இருக்கும் பகையாளி முகத்தை இந்த வீட்டுப் பெண் கழுவ வேண்டும். அவள் வீட்டு முகத்தை அந்த வீட்டுப் பெண்.

எல்லோரும் எழும் நேரத்தில் ஒரு கிழவர் இன்னொன்றும் சேர்த்தார். கல்லில் இருப்பவன் உயிரோடு வந்து நின்றால், அவன் முகத்தையும் சோடி முகத்தையும் சேர்த்துச் செதுக்கி எடுத்துவிடுவது. அப்போதும் கணக்கு சமம்தான். நடக்காத காரியம் என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள்.

எண்ணிப் பார்த்ததில் கருங்குன்றார் பக்கம் ஒரு முகம் குறைந்தது. வெண்மணலாரின் கொற்றி என்பவள் பெற்ற மகனுக்குச் சோடி இல்லை. கருங்குன்றுப் பெரியவர்கள் வெள்ளி என்பவளின் வாசலுக்குப் போனார்கள். அவள் புருஷன் தித்தன் சண்டைக்குப் போனவன், திரும்பவில்லை.

“சாவைப் பார்த்தவங்க யாரு? நான் குடுக்கமாட்டேன்” என்றாள் வெள்ளி.

“ஒரு பேரு, தாயி. நீ சொல்லிட்டா நாளைக்கு எந்த வீட்டிலயும் அழுகை இருக்காது.”

தெருவே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. சொன்னாள். சிற்பியிடம் புருஷனின் மூக்கையும் முழியையும் தாடையையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கல் எழுந்தது, சண்டை நின்றது.

வருஷங்கள் போயின. வேற்று நாட்டுச் சுரங்கத்தில் சிறைப்பட்டுக் கிடந்த தித்தன் தப்பி வந்தான். கணவாய்க்கு அவன் வந்து சேர்ந்தது கழுவல் நாள் காலையில். வெள்ளி தன் பங்கைக் கழுவிவிட்டு ஊர் திரும்பியிருந்தாள், அவனுடைய கல்முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள் கொற்றி. திரும்பியவள் கையிலிருந்து குடம் விழுந்தது.

“நீ வெள்ளி புருஷன்தானே?”

“என்னை எப்படித் தெரியும் ஆத்தா?”

“இந்த மூக்கைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுறவ நான். எனக்குத் தெரியாதா?”

கல்லைப் பார்த்துச் சிரித்துவிட்டான். “நேர்ல இருக்கிறதைவிட இதில நல்லாத்தான் இருக்கேன்.”

“உன் பொண்டாட்டி சொன்ன அடையாளம். இல்லாத அழகையெல்லாம் சேர்த்துச் சொல்லிட்டுப் போயிருக்கா.”

ஈடு, சோடி, கணக்கு எல்லாம் சொன்னாள். கேட்டுவிட்டு அவன் மலைப்பக்கம் காலெடுத்து வைத்தான். குறுக்கே வந்து நின்றாள்.

“போகாதே அய்யா. நீ உயிரோட வந்தா என் மகனுக்கு ஈடு யாருன்னு எங்க சனம் கேட்கும். மறுபடி சண்டைதான்.”

“நீ கேட்பியா ஆத்தா?”

“நான் கேட்கமாட்டேன். அவங்க கேட்பாங்க.”

உப்பு வண்டி ஒன்று ஏறி வந்தது. வெண்மணல் வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் கருங்குன்றுப் பெண்ணொருத்தி உட்கார்ந்து அவனைக் கிண்டல் செய்துகொண்டே போனாள். தித்தன் பார்த்துக்கொண்டே நின்றான்.

“வெள்ளி எப்படி இருக்கா?”

“நரைச்சுப் போச்சு. வேற யாரையும் கட்டிக்கல.”

அவன் வந்த வழியே திரும்பி நடந்தான். எங்கே போனான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மனசில் வைத்திருக்க முடியாமல், அடுத்த கழுவலின்போது கொற்றியே வெள்ளியிடம் சொல்லிவிட்டாள்.

“என் புருஷனைத் திருப்பி அனுப்ப நீ யாரு? என்னை ஒரு குரல் கூப்பிட்டிருக்கக் கூடாதா, பாவி!”

“கல்லுக்குக் குடுத்தவ நீதானே?” என்றாள் கொற்றி.

வெள்ளி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

உயிரோடிருந்தவனைச் சாவுக் கணக்கில் கொடுத்தவள் வெள்ளி. வாசல்வரை வந்தவனைத் தடுத்தவள் கொற்றி. சொன்னதைக் கேட்டுத் திரும்பியவன் தித்தன். தித்தன் வீடு சேராமல் போனதற்கு இதில் யார் பொறுப்பு? சொல்லுங்கள்.

*

முழுதும் கேட்டேன், என் தீர்ப்பைச் சொல்கிறேன். கொற்றிதான். சண்டை வந்திருக்காது. அவன் கல்லின் முன் வந்து நின்றாலே போதும். இரண்டு முகத்தையும் எடுத்துவிட்டு அமைதியைக் காப்பாற்றியிருக்கலாம். பேச்சு முடியும்போது தித்தன் ஊரில் இல்லை, அவனுக்கு அந்த நிபந்தனை தெரியாது. அவளுக்குத் தெரியும், மறைத்தாள். எரித்த குவியலில் சாம்பல்கூடப் பிரிந்து கிடைக்காத மகனுக்கு இந்த உலகத்தில் மிச்சம் அந்தக் கல்முகம் ஒன்றுதான். அதை உளிக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஆனால் வெள்ளிக்கும் அந்த நிபந்தனை தெரியும். ‘உன் மகன் முகத்தை எடுத்திருக்கலாமே’ என்று கேட்கத்தான் அவள் வாயைத் திறந்தாள். அத்தனை வருஷம் அந்தப் பையன் முகத்தைக் கழுவிய ஈரம் அப்போதும் அவள் கையில் இருந்தது. கேட்க முடியவில்லை.